வேரில் சிக்காத புழு

கணவனின் தூண்டில் பெட்டிக்குள் யதுர்சிகா வைத்துவிட்டுப் போன சீட்டு:

இஞ்சாருங்கோ,

நான் ஏழு மணி பஸ்ஸில கந்தோர் வேலைக்குப் போறன். புட்டும் குழம்பும் மூடி வைச்சிருக்கு. கோவத்தில சாப்பிடாமல் போகாதேங்கோ.

தூண்டிலில இரையாக் கொழுவிற உங்கட றப்பர் மீன்களை நான்தான் எடுத்தனான். அதுகளில தூண்டில் முள்ளின்ர நுனி வெளிய நிக்குது, ஈயமும் பாரம். உங்களை மாதிரிப் புதுசாப் பழகிறவர் எறிஞ்சால் நேரா ஆத்துக்குள்ள கிடக்கிற மருதமர வேரிலதான் போய்ச் சிக்கும். நேற்றுக் கடைக்காரரைக் கேட்டு றப்பர் புழு வாங்கினனான். முள்ளு நுனியைப் புழுவின்ர உடம்புக்குள்ளயே மறைச்சுக் குத்துங்கோ, சிக்காது. சின்ன ஈயமே காணும், பாரமானது வேண்டாம்.

முந்தநாள் "கரையிலதான் நிண்டனான்" எண்டு சொன்னீங்கள். உடுப்புத் தோய்க்கேக்க பாத்தன், காற்சட்டையில இடுப்பு வரைக்கும் சேறு. சிக்கின றப்பர் மீனை எடுக்க ஆத்துக்குள்ள இறங்கியிருக்கிறீங்கள். அந்தத் துறையிலதான் போன கிழமை கனகம்மாக்காவின்ர கண்டுக்குட்டியை முதலை இழுத்துக்கொண்டு போனது. நான் உங்களோட சண்டை பிடிச்சதும் அந்தப் பயத்திலதான்.

இண்டைக்கும் போவீங்கள் எண்டு தெரியும். சிக்கினால் நூலை அறுத்துப்போட்டு வாங்கோ.

யது

மறந்திட்டன்: கத்திரிக்கோல் பெட்டியின்ர அடியில இருக்கு. புழு இருபது இருக்கு. நீங்கள் எனக்கு ஒராள்தான்.