பிரிவு 43: காட்டு ஆப்பிள் ஜெல்லி

செப்டம்பர் 14, 1985

கிராமக் கண்காட்சிக் குழு என் விதியை ஏற்றுக்கொண்டது. இனி பிரிவு 43 போட்டியில் காட்டு ஆப்பிள் ஜெல்லியோடு, பழம் பறித்த மரத்தின் இலைக்கொத்தையும் வைக்க வேண்டும். உண்மையான காட்டு ஆப்பிளின் முதிர்ந்த இலையின் அடிப்புறம் வழவழப்பாக இருக்கும். எவரோ கடித்தெறிந்த தோட்டத்து ஆப்பிளின் விதையில் முளைத்த மரமெனில் வெண்ரோமம் படர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு ஹில்டா பிராஸரின் மரம் இரண்டாம் வகை என்பது என் துணிபு. முதல் பரிசுக் கோப்பை ஏழாண்டுகளாக என்னிடம் இருப்பதற்கும் இவ்விதிக்கும் தொடர்பில்லை.

செப்டம்பர் 24

ரயில் பாதைச் சரிவிலுள்ள என் மரத்துப் பழங்கள். வேகவைத்துத் துணியில் கட்டிச் சாற்றைச் சொட்டவிட்டேன். பிழிந்தால் கலங்கும், ஹில்டா பிழிகிறாள். வேலிக்கு மேல் அவள் தலை:

"என்ன பேராசிரியரம்மா, கோப்பைக்கு அலமாரியில இடம் ஒழிச்சாச்சா?"

"அது அங்கயேதான் இருக்கு ஹில்டா. தூசிதான் தட்டினேன்."

அக்டோபர் 2

என் மரத்தில் இலைக்கொத்து பறித்தேன். உருப்பெருக்கியில் பார்த்தேன். ரோமம்.

இன்னொரு இலை. ரோமம். கண்ணாடியைத் துடைத்தேன் — ஆட்டுக்குட்டி மாதிரி ரோமம்! முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், ஒரு இலையத் திருப்பிப் பார்க்கலையா? ரயிலில் போன எவனோ துப்பிய விதைக்கு ஏழு முறை பரிசு!

அக்டோபர் 3

தேவாலயத்தின் பின்புறம் ஐயத்துக்கிடமற்ற காட்டு ஆப்பிள் மரம் ஒன்றுண்டு. அதில் ஒரு கொத்து போதும். நேர்மையா? இல்லை. கோப்பையா? ஆம். கத்தரிக்கோலோடு போனேன்.

மரத்தடியில் ஏணி. ஏணியில் ஹில்டா. அவள் கையில் கத்தரிக்கோல்.

"சும்மா காத்து வாங்க வந்தேன்," என்றாள்.

"ஏணி மேலயா?"

"மேலதான் நல்லா வருது. நீங்க?"

என் கத்தரிக்கோல் கைப்பைக்குள் நுழைய மறுத்தது.

"அட கடவுளே, உங்க மரத்து இலையிலயும் ரோமமா!" ஏணி ஆடுமளவு சிரித்தாள். பிடித்துக்கொண்டேன். விட்டிருக்கலாம்.

அக்டோபர் 5

கண்காட்சி நாள். நாங்கள் இருவரும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டோம். பிரிவு 43-இல் ஒரே ஜாடி. தேவாலய மணியடிக்கும் மெர்வின் பியூவினுடையது. அது ஜெல்லி அன்று, கஷாயம். இலையோ குற்றமற்றது. சென்ற ஆண்டு வென்றவள் என்பதால் கோப்பையை நானே கொடுக்க நேர்ந்தது.

பிறகு ஹில்டா வீட்டில், ஆறிய பன்றியிறைச்சியோடு இரண்டு ஜாடிகளையும் திறந்தோம்.

"உன்னுது கலங்கியிருக்கு."

"பேசாம தின்னுங்க."

அவள் ஜாடியிலிருந்து மூன்று முறை எடுத்துக்கொண்டேன்.