சிவப்புக் கோட்டில் ஒரு கை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இல்லை, விமர்சனம் வந்ததற்காக நான் கோபப்படவில்லை. வந்த விதம்தான் உறுத்துகிறது. போன வாரம் நம் ஓவிய இணையதளத்தின் முகப்பில் என் 'பொத்தான்' படம் ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. 'நடத்துநர் குழு' என்ற பொதுப் பெயரில் யாரோ அதன் மேல் சிவப்புக் கோட்டில் வேறொரு கையை வரைந்து திருத்திவிட்டார்கள். "மணிக்கட்டு இப்படி மடங்காது. விரல்களில் எலும்பே இல்லை. கையைப் பார்த்து வரையப் பழகவும்."

கீழே அறுபது பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். ஒருவர், "இது கையா, இஞ்சியா?" என்கிறார்.

குழுவில் இருப்பது நீங்கள் மூன்று பேர். எடுக்கச் சொல்லேன். அப்பா தினமும் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்கிறார். ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பொடிசு


மார்ச் 5

பொடிசுக்கு,

சாப்பிடுகிறேன். வேலை கழுத்தை நெரிக்கிறது.

எடுக்க முடியாது. விதி உனக்கே தெரியும். குறை சொல்கிறவர் படத்தின் மேல் வரைந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அதை நீக்கக் கூடாது. நீ படத்தையே விலக்கிக்கொண்டாலும் கோடு அங்கேயே நிற்கும். இஞ்சிக்காரர் வரைந்து காட்டவில்லை, அவரை நீக்கிவிட்டேன். அதற்கு மேல் செய்தால், "தங்கச்சி படமாச்சே, விடுவாங்களா" என்பார்கள். ஏற்கெனவே சொல்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், கை சரியாக வரவில்லை. யாரை உட்காரவைத்து வரைந்தாய்?

அப்பாவிடம் ஞாயிறு பேசுகிறேன் என்று சொல்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

அப்பாவை.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. கை மடங்கிப்போனதை அப்போதே எழுதினேன். "பயிற்சி செஞ்சா சரியாயிடும்" என்று பதில் போட்டாய். ஞாயிறுதோறும் நீ வீடியோவில் வருமுன் அந்தக் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொள்வார். கேட்டால், "விடு, அவளே அங்க தனியா கெடக்கா" என்பார்.

நாற்பது வருஷம் ஊருக்கே சட்டை தைத்தவர். இப்போது தன் சட்டையில் ஒரு பொத்தான் மாட்டப் பதினோரு நிமிஷம் ஆகிறது. உதவப் போனால், "கைய எடு." அந்தப் பதினோரு நிமிஷத்தை ஐந்து வாரம் எதிரே உட்கார்ந்து பார்த்து வரைந்தேன்.

நேற்று நான் இல்லாதபோது அவரே பக்கத்தைத் திறந்துவிட்டார். திரும்பி வந்தபோது சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என் பழைய கை" என்றார். "கட்டை விரல்ல கத்திரிக்கோல் காய்ப்புகூட இருக்கு பாரு."

அந்தக் காய்ப்பு அந்தக் குழுவில் யாருக்குத் தெரியும்?

பொடிசு


மார்ச் 9

பொடிசு,

நான்தான்.

தங்கைக்குச் சலுகை காட்டினேன் என்று பேச்சு வருமுன் முதல் குறையை நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கை என்றால் எனக்கு அந்த ஒரு கைதான் வரைய வரும். பள்ளிக்கூட நாட்களில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. காய்ப்பு தானாக வந்திருக்கிறது. போட்டதே எனக்குத் தெரியாது.

விதியைத் தளர்த்தச் சொல்லி நீக்கிவிடுகிறேன். நேற்று அப்பா நன்றாகத்தான் பேசினார். அவரிடம் சொல்லிவிடாதே.

அக்கா


மார்ச் 10

அக்கா,

நீக்க வேண்டாம்.

அவரிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பார்த்த அன்றே அவருக்குத் தெரியும். நேற்று முன்தினம் உன்னோடு பேசி முடித்ததும் சொன்னார்: "பாத்து வரையணும்னு சரியாத்தான் எழுதியிருக்கா. அவதான் பாக்கல."

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருகிறேன் என்று எங்காவது எழுதியிருப்பாய் என்று.

காலையில் படத்தை விலக்கிக்கொண்டேன். வெள்ளைப் பக்கத்தில் உன் சிவப்புக் கை மட்டும் நிற்கிறது. பிறகு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் கிடந்த மேசையைத் தூக்கி அடுத்த அறையில் போட்டேன். அவர் அந்தக் கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

பொடிசு