அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது, மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

அப்பா போய் ஐந்து மாதமாகிறது, இந்த ஐந்து மாதத்தில் நான் அழுததைவிட ஆபீஸ் வரிசைகளில் நின்றதுதான் அதிகம். ஊரார் துணியையெல்லாம் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்த மனுஷர், உயில் எழுதச் சொன்னால் மட்டும் "என்னை அனுப்பறதுல உனக்கு என்ன அவசரம்" என்று சிரிப்பார், நானும் வாயை மூடிக்கொள்வேன். கீழே தையல் கடை, மேலே வீடு, இரண்டும் அவர் பேரில். அவருக்குப் பிறகு எல்லாம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லையாம். உயில் இல்லாததால் எனக்கு, உன் அண்ணனுக்கு, உனக்கு என்று சரிசமமாக மூன்று பங்காம். முப்பத்தொரு வருஷம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் நான், ஆனால் வாரிசுச் சான்றிதழ் மனுவில் தொழில் என்ற இடத்தில் குமாஸ்தா 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டார். திருத்தச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

போன வியாழக்கிழமை உன் அண்ணன் ஒரு பத்திரம் கொண்டுவந்தான். "ஒரே ஒரு கையெழுத்தும்மா, உனக்கு அலைச்சல் மிச்சம்" என்றான். அப்பா விரல் வைத்துக் காட்டின இடத்திலெல்லாம் படிக்காமலே போட்டுப் பழகின கை, பேனாவைத் திறந்துவிட்டேன். அவன் விரலும் அப்பா விரல் மாதிரியே தட்டை. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினபோதுதான் எழுத்து கண்ணில் பட்டது. என் பங்கை அவனுக்கே விட்டுக்கொடுப்பதாக இருந்தது. கேட்டதற்கு, "உன்னை நான் தெருவுலயா விடப்போறேன்" என்று கோபித்துக்கொண்டான். விடமாட்டான், எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்குக் கடையை இடிக்கலாம் என்று அவன் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருக்குமா? யோசித்துச் சொல்கிறேன் என்று பேனாவை மூடிவிட்டேன். அன்றிலிருந்து அவன் போனில் சாப்பிட்டியா என்று கேட்பதோடு சரி.

மறுநாளே உன் தபால் வந்தது. அவன் உனக்கு அனுப்பின பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, கூடவே ஒரு சீட்டில் "எனக்கு எதுவும் வேண்டாம், எல்லாம் அம்மாவுக்கே" என்று எழுதியிருந்தாய். நல்ல மனசு கண்ணு, ஆனால் பத்திரத்தில் அம்மா பேர் இல்லை, அண்ணன் பேர்தான் இருக்கிறது. அம்மா மாதிரியே நீயும் படிக்காமல் போட்டிருக்கிறாய்.

அதை அவனிடம் கொடுக்கவில்லை, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நானே கிழித்திருக்கலாம். கையெழுத்து உன்னுடையது, கிழிக்க வேண்டியதும் நீதான். உன் பங்கை எனக்கும் தர வேண்டாம், உன் பேரிலேயே இருக்கட்டும். அவனிடம் முடியாது என்று சொல்ல இந்த வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும், எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். அண்ணனிடம் சண்டை போடாதே, சாதாரணமாகவே பேசு. குழந்தைக்கு அனுப்பும் சட்டை ஒரு சுற்று பெரிதாகத் தைத்திருக்கிறேன், பிரித்துச் சின்னதாக்கிவிடாதே.

இப்படிக்கு,
இன்றைக்கும் ஒன்பது மணிக்குக் கடை திறந்த
உன் அம்மா