மங்கிப்போன டம்ளர்களும் அப்பாவின் முழங்காலும்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், சீக்கில் கிடந்த கண்ணாடி டம்ளர்களும் தேறிவிட்டன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி நீ, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, துணி மடிக்கிற வேலை எங்கும் ஓடிப்போகாது. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

முழங்கால் வலி, நான் வரவில்லை, பேரனைப் பார்க்க அம்மா மட்டும் வரட்டும் என்று அப்பா சொன்னதற்கு நீ போனிலேயே அழுதாயே, அவர் வர மறுத்ததன் நிஜமான காரணம் இப்போதுதான் தெரிந்தது. முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. எல்லாம் நீ வாங்கித் தந்த டிஷ்வாஷரில் ஆரம்பித்தது. வந்த புதிதில் டம்ளரெல்லாம் பளபளவென்று இருந்தன. கொஞ்ச நாளில் மாவு பூசினாற்போல் வெள்ளையாக ஒரு படலம், நனைத்தால் மறையும், காய்ந்தால் திரும்பி வரும். சோப்புத்தூள் போதவில்லை என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அள்ளிப் போட்டோம், படலம் இன்னும் தடித்தது. அதே சமயம் அவரும் ஒரு மாதிரியாகிவிட்டார். பேப்பரைப் புரட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவார், கார் சாவியை என்னிடம் கொடுத்து நீயே ஓட்டு என்றார். அந்த மனுஷன் எனக்கு ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. நீ அனுப்பும் பேரன் போட்டோவைக் காட்டினால்கூட ம் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

போன வாரம் உன் சித்தி வந்தாள். ஜூஸ் கொடுத்தேன், டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு இதைக் கழுவிக் கொடுக்க மாட்டாயா அக்கா என்றாள். மானம் போயிற்று. பிறகு அவளே ஒரு டம்ளரை வினிகரில் ஊறப் போட்டாள், கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. வினிகரில் படலம் போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிற்று என்று அர்த்தமாம், போனால் வெறும் உப்புக்கறைதானாம். நம் குழாய்த் தண்ணீர் எவ்வளவு கடினம் என்றுதான் உனக்குத் தெரியுமே. அந்தக் கடினத்தைப் போக்க மெஷினுக்கென்றே ஒரு தனி உப்பு விற்கிறார்களாம், அதைப் போட அடியில் ஒரு மூடி இருக்கிறது, அந்த மூடியை நாங்கள் ஒருநாளும் திறந்ததே இல்லை. உப்பை நிரப்பி, தூளைக் குறைத்து, மேல்தட்டில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்து மெஷினை வெறுமனே ஓடவிட்டோம். அன்று சாயங்காலம் அழுக்குப் பாத்திரத்தை மெஷினில் அடுக்கப் போனால், முன்பே வைத்திருந்த இரண்டு டம்ளருக்கு நடுவே அப்பாவின் மூக்குக்கண்ணாடி சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், மெஷின் வந்ததிலிருந்தே அப்படித்தானாம், துணியில் துடைப்பதைவிட வெந்நீரில் கழுவினால் சுத்தமாம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், டம்ளரில் இருந்த அதே வெள்ளை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "கண்ணு போயிட்டு இருக்குன்னு நினைச்சேன். பேரன் முகமே சரியாத் தெரியலைன்னா, அங்க வந்து என்ன பண்றது" என்றார். இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, முதுகில் இரண்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துப்போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை, லென்ஸின் மேல்பூச்சுதான் பாழாகிவிட்டது, எதில் கழுவினீர்கள் என்று கேட்டார். அப்பா சீலிங்கைப் பார்த்தார். புது லென்ஸ் போட்டதும் வீடுவரை அவரே ஓட்டினார், வழியில் இருந்த போர்டு ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே. எனக்குக் காது வலித்தது, ஆனால் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. டிக்கெட் இரண்டு பேருக்கும் போட்டாயிற்று.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். உன் மெஷினில் உப்பு இருக்கிறதா என்று பார், நாங்கள் வந்தபின் அப்பாவை அதன் பக்கம் விடாதே. நான் சொன்னதாக மூச்சு விடாதே, முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா

கவரை ஒட்டும் வேலை எனக்கு வந்தது. அம்மாவின் இத்தனை பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. போட்டோவில் பேரனும். முழங்கால் தேவலை.
அப்பா