அக்கா நீட்டாத கை

பெப். 12, வியாழன்
காலையில் பனி. நேற்றுத் தோய்த்த உடுப்பு இன்னும் ஈரம்.

இல்லை, பொய் என்று சொல்ல முடியாது. லோயர் கேட்டார், தெரியாது என்றேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கே வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடின பெண். அக்காவால் இன்னும் படி இறங்க முடியாது. தொடை எலும்பில் தகடு, விபத்து நடந்து ஆறு கிழமை. முன்பள்ளியில் அவளுடைய வகுப்புக்கு வேறு ரீச்சர். நிலத்தில் பிள்ளைகளோடு சப்பாணி கட்டி இருக்கும் வேலை. இனி எப்படி.

அக்கா சொல்லச் சொல்ல லோயர் எழுதினார்.

"ஸ்கூட்டியின்ரை வலப்பக்கச் சிக்னல் எரியாது மிஸ். இவள்தான் ஸ்கூட்டியை ஓடுவாள். திரும்பேக்கை நான் பின்னாலை இருந்து கை காட்டுறனான். அண்டைக்கு மறந்திட்டன். பின்னாலை வந்த வானுக்கு என்னெண்டு தெரியும்?"

"மறந்தது ஞாபகமிருக்கோ?"

"ஒண்டும் ஞாபகமில்லை. ஆனா காட்டியிருந்தா அடிச்சிருக்க மாட்டான்தானே."

லோயர் என்னைப் பார்த்தார். "அவ கை காட்டினவவோ?"

"தெரியாது மிஸ். நான் முன்னுக்குப் பாத்துக்கொண்டெல்லோ ஓடினனான்."

"கம்பசிலை பட்டம் எடுத்தவள் மிஸ்," என்றாள் அக்கா. "நாலு மாசமா ஒரு பல்ப் மாத்தத் தெரியேல்லை."

லோயர் சிரித்தார். நானும்.

பெப். 13, வெள்ளி
அக்காவின் குளிசை, 8 மணி. அரிசிமா. முட்டை. கரண்ட் பில்.

இங்கே மட்டும் எழுதுகிறேன்.

திரும்புவதற்கு முன் "அக்கா, கை" என்பேன். அவள் நீட்டுவாள். எப்போதும் அப்படித்தான். நான் சொல்லாமல் எந்த ஒழுங்கை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று சொல்லவில்லை. கோபம். காலையில் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமியிடம் அவள்: "எங்கடை தங்கச்சியோ? பென்சன் எடுத்த ஆள் மாதிரி, நாள் முழுக்கப் புத்தகமும் கையும்." மாமி விழுந்து விழுந்து சிரித்தார். அதற்காக உடுப்பிட்டிச் சந்தி தாண்டியும் வாய் திறக்கவில்லை. ஒழுங்கை வந்தது. திரும்பினேன்.

ஓரெழுத்துச் சொல்.

பெப். 16, திங்கள்
வெயில். லோயரின் ஃபோன், பத்து மணி.

"பின்னுக்கு இருந்து வந்தவவிலை பொதுவாப் பிழை வராது தங்கச்சி. ஆனா கை காட்டுறது தன்ரை பொறுப்பு, தான் மறந்திட்டன் எண்டு அக்காவே சொல்லுறா. வான்காரற்றை லோயர் அதைத்தான் பிடிப்பார். நட்டஈடு நல்லாக் குறையும். நாளைக்குச் சத்தியக்கடதாசி எழுதவேணும். நீங்கள் வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது.

பின்னேரம் அக்காவை நடக்கப் பிடித்தேன். கட்டிலிலிருந்து கதவு வரை. கதவில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல்:

"உனக்கும் ஏதும் நடந்திருந்தா நான் என்னடி செய்திருப்பன்? என்னை மன்னிச்சுக்கொள்."

"தேத்தண்ணி போடட்டோ?" என்றேன்.

குசினியில் தண்ணீர் கொதித்து வற்றிப்போனது. திரும்ப வைத்தேன்.

பெப். 17, செவ்வாய்
முதல் பஸ்ஸில் பருத்தித்துறை. லோயரின் கந்தோர் இன்னும் திறக்கவில்லை. வாசலில் முக்கால் மணித்தியாலம்.

சொன்னேன். கோபத்தில் பேசாமல் இருந்தது வரை எல்லாம். அவர் பேனையை மூடினார்.

"அப்ப அக்கா உங்களையும் எதிராளியாப் போடவேணும்."

"போடுங்கோ."

"ஸ்கூட்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே, அதிலையும் கேக்கலாம். ஆனா நான் அக்காவின்ரை லோயர். உங்களுக்கு வேறை ஆள் பாருங்கோ." பிறகு, "முதல் போய் அவவுக்குச் சொல்லுங்கோ. என்ரை வாயாலை கேக்கக்கூடாது."

வீடு. அக்கா தலை இழுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சீப்பு தலையிலேயே நின்றது.

"அப்ப நான் மறக்கேல்லை."

"இல்லை அக்கா."

"நீ சொல்லேல்லை."

"ஓம்."

அழுவாள் என்று நினைத்தேன். மூச்சை நீளமாக விட்டாள், பாரம் இறக்கினவள் போல. பிறகுதான் முகம் மாறியது.

"ஆறு கிழமையா என்னை நானே திண்டுகொண்டு கிடக்கிறன். நீ பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனீ. நேற்று உன்னட்டை மன்னிப்புக் கேட்டனான், என்ன?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"வெளியிலை போ. கதவைச் சாத்திக்கொண்டு போ."

சாத்தினேன். முற்றத்தில் நின்று லோயருக்கு ஃபோன் எடுத்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன், நாளை ஒன்பது மணிக்கு வாருங்கள், அவளோடு தனியாகக் கதையுங்கள் என்றேன்.