சபா முதல்வரும் எங்கள் சோறும்

வெள்ளி, 14-3-2008. தம்மாம், சவுதி.

கேம்பில் தினமும் ரொட்டியும் பருப்பும்தான். தமிழ் ஆட்களுக்குத் தனி சமையலறை கேட்டு இருபது பேர் கையெழுத்துப் போட்டோம். நாளை சாயங்காலம் மேனேஜரிடம் பேச என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் வளர்ந்த தமிழன் வெல்டர் குமார், அங்கே முன்பு இருந்த ஒரு முதல்வர் கதையை இன்று சொன்னான். மத்திய அரசிடம் எண்ணெய்ப் பணத்தில் கூடுதல் பங்கும், மாநிலத்துக்குக் கூடுதல் அதிகாரமும் கேட்டவராம்.

"தேர்தல்ல ஜெயிச்சாருண்ணே. அப்புறம் கூட இருந்தவங்களே ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் தாவிட்டாங்க. பதவி போச்சு."

"உங்காளு பிரியாணி போட்டிருக்கணும்டா!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

குமார் சிரிக்கவில்லை. "அவரு கேட்டது நியாயம்ண்ணே."

"சரி, நாளைக்கு எல்லாரும் வர்றீங்கல்ல?" என்றேன். மூன்று பேருக்குத் திடீரென்று ஓவர்டைம் வந்துவிட்டது.

பாவம், அந்த முதல்வரும் இப்படித்தான் ஆட்களை எண்ணிக்கொண்டே படுத்திருப்பார். நான் பதினேழில் நிற்கிறேன்.