பழம் வேண்டாமாம், மூஞ்சி வேண்டுமாம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று ரேணிகுண்டாவில் முனிரத்தினத்தின் பீர்க் கடைக்குப் போனேன். மூன்று வருடமாக என் தோப்புப் பழத்தில்தான் அவன் மாம்பழ பீர் காய்ச்சுகிறான். இந்த வருடப் பழத்தை எப்போது இறக்கட்டும் என்று கேட்டால் தலையைச் சொறிகிறான்.

"கடைய பெரிய கம்பெனிக்கு வித்துட்டேன் மாமா. இனிமே பெங்களூர்லேர்ந்து எசென்சு வருமாம். பழம் வாணாங்கிறாங்க."

"காய் பழுத்துத் தொங்கிக்கினு இருக்குது, இப்ப சொல்ற! இத்தினி நாளா வாயில இன்னாடா கொழுக்கட்டையா?"

அதற்குள் கம்பெனி ஆள் கேமராவோடு வந்தான். கடைச் சுவரில் மாட்ட 'நம்ம ஊர் விவசாயி' படம் வேண்டுமாம். பேண்ட் சட்டையில் நின்ற என் தலையில் ஒரு துண்டைச் சுற்றினான்.

"ஏம்ப்பா, பழத்த வாணாங்கிற, மூஞ்ச மட்டும் கேக்குற. இதப் புழிஞ்சா சாறு வராதுப்பா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாழாய்ப்போன பழக்கம், நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்துவிட்டான்.

இனி நாளை மாங்கூழ் பேக்டரி வாசலில் பழம் ஏற்றிய டிராக்டரை வரிசையில் போட வேண்டும். உள்ளே விட மூன்று நாளாகும். அதற்குள் பாதி அழுகிவிடும். அங்கே பீர்க் கடைச் சுவரில் நான் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பேன். கொஞ்சம் முறைத்தாவது நின்றிருக்கலாம்.